நாலில் ஒன்றா, எட்டில் ஒன்றா பெரிது?

கேள்வி: தரம் 4 படிக்கிற மகள், 1/4 ஐ விட 1/8 தான் பெரிது என்று நிற்கிறாள். எப்படி விளங்கப்படுத்துவது?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, உள்ள 8 ஐ மட்டும் பார்ப்பதால் வரும் பிழை இது, ஏசாதீர்கள். கொப்பித்தாளில் 16 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு கீலங்கள் வெட்டுங்கள். ஒன்றைப் பாதி பாதியாக இரண்டு தரம் மடித்தால் 4 பங்கு, ஒவ்வொன்றும் 4 சென்ரிமீற்றர். மற்றதை மூன்று தரம் மடித்தால் 8 பங்கு, ஒவ்வொன்றும் 2 சென்ரிமீற்றர். ஒரு பங்கின்மேல் மற்றதை அவளே வைத்துப் பார்க்கட்டும். கீலங்களின் நீளம் சமமாக இருக்கவேண்டும். கையால் வட்டம் கீறினால் ஒன்று பெரிதாகி, ஒப்பீடே பிழைத்துவிடும்.

அடுத்து 3/4, 7/8. முழுமைக்கு எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். ஒன்றில் 1/4, மற்றதில் 1/8. குறைவது சிறிதென்றால் இருப்பது பெரிது. குறுக்குப் பெருக்கல் இப்போது வேண்டவே வேண்டாம்.