சேனை, கருணை, சேம்பு, சிறுகிழங்கு: எப்படி அடையாளம் காண்பது?

இந்த நான்கில் எது எது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள், பெயர் ஊருக்கு ஊர் மாறும். கிழங்கைப் பார்த்துப் பழகிக்கொள்வதுதான் வழி.

ரொம்பக் குழப்புவது கருணைதான். பெரிதாக, தட்டை உருண்டையாக, உச்சியில் குழி விழுந்து, கடைக்காரர் துண்டு போட்டு எடைக்குத் தருவாரே, அதை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சேனை என்போம். சென்னையில் பலர் அதையே கருணைக்கிழங்கு என்பார்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், சற்று நீண்ட சின்னக் கிழங்கு பிடிகருணை. சேனை வறுவலுக்கு ஏற்றது, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். பிடிகருணை குழைந்துவிடும், அதனால் மசியலுக்கும் புளிக்குழம்புக்கும் அதுதான். அரிப்பும் அதில்தான் அதிகம். கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதே காரணம். புளி சேர்க்காமல் சமைக்கவே வேண்டாம். வாங்கும்போது தோண்டிப் பல நாள் ஆன பழைய கிழங்காகக் கேளுங்கள். நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேப்பங்கிழங்கும் சிறுகிழங்கும். கூடையில் மண்ணோடு கிடக்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒன்றைக் கையில் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். தோலில் வளையம் வளையமாகக் கோடு, அதில் நார் முடி இருந்தால் சேம்பு. வெந்ததும் வழவழவென்று இருக்கும். சிறுகிழங்கில் வளையம் கிடையாது, தோல் மெல்லிசு, நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். ஊரில் சாக்குப் பையில் போட்டுத் தரையில் தேய்ப்பார்கள், பாதித் தோல் அதிலேயே போய்விடும். சேம்பின் சொந்தமும் இல்லை இது, கற்பூரவல்லியின் இனம். வேகும்போது எழும் வாசனைக்கு ஈடே கிடையாது. மார்கழி, தை மாதங்களில்தான் நன்றாகக் கிடைக்கும், பொங்கலன்று சிறுகிழங்குப் பொரியல் இல்லாத வீட்டை எங்கள் பக்கம் பார்ப்பது அரிது. சென்னையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், மரவள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, குமரியில் மரச்சீனி என்பதெல்லாம் இதுதான். சர்க்கரைவள்ளியை எங்கள் பக்கம் சீனிக்கிழங்கு என்பதால் மரச்சீனியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சீனிக்கிழங்கு இனிக்கும், தோல் மெல்லிசு. மரவள்ளியின் தோல் தடிமன், உள்ளே வெள்ளை வெளேரென்று, நடுவில் ஒரு நரம்பு ஓடும். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை முழுக்க உரித்து, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தால் சாப்பிடாதீர்கள்.