குறுக்குக்காற்றும் உடைந்த கம்பியும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஜூலையில் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டே நாளில் போய்விடுவது என்று சைக்கிளில் தனியாகக் கிளம்பினேன். முதல் நாள் திருநெல்வேலிவரை சிரமமில்லை. மறுநாள் வள்ளியூர் தாண்டியதும் காற்றில் வண்டி நிலைகொள்ளவில்லை. பணகுடி அருகே பின்சக்கரக் கம்பி ஒன்று உடைந்து, ரிம் கோணி பிரேக்கில் உரச, லாரியில் ஏறி ஊர் திரும்பினேன். எனக்குப் பயிற்சி போதாது என்கிறார்கள் நண்பர்கள். அப்படித்தானா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

ஒரே பகலில் திருநெல்வேலிவரை மிதித்தவருக்குப் பயிற்சி போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கிளம்பிய மாதம்தான் தவறு. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வீசும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். தெற்கே போகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் குறுக்குக்காற்று. எதிர்காற்று வேகத்தைக் குறைப்பதோடு விட்டுவிடும்; இது ஆளையே சாய்க்கப் பார்க்கும். காற்றுக்கு ஈடுகொடுத்து வலப்பக்கம் சாய்ந்தபடி நாம் மிதித்துக்கொண்டிருக்கையில், முந்திச் செல்லும் லாரி ஒரு கணம் காற்றை மறைத்துவிட, சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கியே இழுபடும்; லாரி கடந்ததும் திரும்ப அறையும் காற்று நம்மைச் சாலையோர மண்ணுக்குத் தள்ளும். அந்த இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கமில்லை. நான் நடந்திருக்கிறேன்.

கம்பி உடைந்தது வேறு விஷயம். கியர் வண்டியின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம்விட வேண்டியிருப்பதால், வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட இறுக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். கேரியரில் சுமையும் ஏறினால் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றுதான், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் நுழைந்து வளையும் இடத்தில், உடையும். உடைந்ததைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு, அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளைச் சிறிது தளர்த்தி, பின்பிரேக்கையும் கழற்றிவிட்டால், மெதுவாக அடுத்த ஊர்வரை உருட்டிவிடலாம். கம்பி முறுக்கும் சாவி விரல் நீளம்கூட இராது. அதை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் நம்மில் பலர் மூன்று செட் துணி எடுத்துப்போகிறோம்.

நானும் யோக்கியனில்லை. கோவில்பட்டிக்கு அப்பால் ஒருமுறை, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மயிரிழை எஃகுக் கம்பி என் டயரில் ஏறிற்று. ஒட்டுப் போட்டாயிற்று, கைப்பம்பு மக்கர் செய்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிச்சென்று பஞ்சர் கடையை அடைந்தால், கடைக்காரரின் காற்றுக்குழாய் என் ட்யூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் பொருந்தவே இல்லை. “இது என்ன சார், ஊசி மாதிரி இருக்கு?” என்று அவர் இரண்டு விரலால் அதைப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுண்டுவிரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இல்லாததால், அன்று என் சைக்கிள் பேருந்தின் கூரையில் ஊர் திரும்பியது.

தை பிறந்த பிறகு மறுபடி கிளம்புங்கள். இரண்டு நாளை மூன்றாக்கிக்கொள்ளுங்கள். ஆடியில்தான் போவேன் என்றால், வள்ளியூரில் இரவு தங்கி, காற்று ஓரளவு தணிந்திருக்கும் விடியற்காலையிலேயே பணகுடியைக் கடந்துவிடுங்கள்.