‘பல்’லும் ‘பஸ்’ஸும்: மாணவர்களுக்கு ஒரு கட்டற்ற மென்பொருள் பணி

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நிரல்மொழி படிக்கும் என் மாணவர்கள், பார்வையற்றோர் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களுக்குத் தாங்களும் பங்களிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?
– கணினி ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் நிரலை விட்டுவிட்டு, முதலில் காதிலிருந்து தொடங்குங்கள்.

விண்டோஸ் கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ‘என்விடிஏ’ என்னும் இலவசத் திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். அதன் பெரும்பகுதி உங்கள் மாணவர்கள் படிக்கும் பைத்தானிலேயே இருக்கிறது. கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம் என்பதால் பள்ளி ஆய்வகத்திற்கும் ஏற்றது.

அதனுடன் வரும் ‘ஈஸ்பீக் என்ஜி’ என்னும், எழுத்தைப் பேச்சொலியாக மாற்றும் மென்பொருள்தான் தமிழ் மாணவருக்கு உகந்த இடம் என்பது என் கருத்து. ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்றே, ககரத்தின் ஒலி வேறு. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைப் பெரும்பாலும் விதியாக எழுதிவிடலாம். அந்த விதிகள் சாதாரண உரைக்கோப்பாகவே இருக்கின்றன. ஆனால் ‘பல்’லுக்கும் ‘பஸ்’ஸுக்கும் முதலெழுத்து ஒன்றாயிருந்தும் ஒலி மாறுவதற்குத் தமிழ் எழுத்தில் எந்தத் தடயமும் இல்லை, இத்தகைய சொற்களை விதிவிலக்குப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாக வேண்டும். நாட்டியத்தின் ‘பாவம்’, புண்ணியத்துக்கு எதிரான ‘பாவம்’ என்ற இரண்டையும் பட்டியலாலும் பிரிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்கும் மாணவர், தமிழ் இலக்கண வகுப்பில் படித்த வல்லினத்தை முதன்முறையாகக் கணக்காகப் பார்ப்பார்.

ஒரு பாடவேளை மானிட்டரை அணைத்துவிட்டு, ஒரு செய்திப் பக்கத்தைத் தமிழ்க் குரலில் கேட்கச் சொல்லுங்கள். தவறாக ஒலிக்கும் சொற்களை இன்னொரு மாணவர் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலை, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரிடம் காட்டிய பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். பார்வையுள்ளவர்கள் முதலில் மாற்ற நினைப்பது இயந்திரம் போன்ற அந்தக் குரலைத்தான். பயனர்களில் பலரோ, நாம் பின்தொடரவே முடியாத வேகத்திலும் அது தெளிவாக ஒலிப்பதால் அதையே விரும்பிக் கேட்கிறார்கள். இதை அவர்கள் வாயால் கேட்டறிவதைவிடச் சிறந்த பாடம் இத்துறையில் இல்லை.

பிறகு, ஒரு பிழைக்கு ஓர் அறிக்கை என்ற கணக்கில் ஈஸ்பீக் என்ஜியை உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள்: பயன்படுத்திய பதிப்பு, கொடுத்த சொல், கேட்ட ஒலி, வந்திருக்க வேண்டிய ஒலி. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால் உங்கள் துணை இங்கேதான் அதிகம் தேவைப்படும். அறிக்கையைப் படிப்பவர் தமிழ் அறியாதவராக இருக்கக்கூடும் என்பதால், ‘பஸ்’ என்பதன் பகரம் ஏன் ‘பல்’லின் பகரம் அன்று என்பதை இரண்டு வரியில் விளக்கி, மாணவரின் குரலிலேயே அச்சொல்லைப் பதிவு செய்து இணைத்து அனுப்புங்கள்.