கேள்வி – பதில்: கடவுச்சீட்டோடு காசும்

அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னை போகிறோம். இலங்கைக் காசாகவே கொண்டுபோய் அங்கே மாற்றலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

வேண்டாம், அம்மா. இலங்கைத் தாள்காசை ஆளுக்கு 20,000 ரூபா வரைதான் வெளியே கொண்டுபோகலாம். சென்னையில் அதை வாங்கும் கடைகள் இருக்கின்றன, ஆனால் கேட்பது அடிமாட்டு விலைக்கு. திரும்பி வந்து கட்டுநாயக்காவிலிருந்து வீடு சேரும் செலவுக்கு மட்டும் வைத்திருங்கள்.

பெருந்தொகையை டொலராக வாங்குங்கள். கடவுச்சீட்டு, வீசா, பயணச்சீட்டு மூன்றையும் வங்கி கேட்கும். எல்லாக் கிளையிலும் டொலர் தாள் கையிருப்பு இராது. இரண்டு நாள் முன்னரே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அலையத் தேவையில்லை. காசு மாற்றும் கடை என்றால் மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள், பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

தேவைக்கு மேல் வாங்கவும் கூடாது. உதாரணமாக, கடை ஒரு டொலரை 308 ரூபாவுக்கு விற்று 300க்கு வாங்குகிறது என்று வைப்போம். 500 டொலருக்கு 154,000 கொடுக்கிறீர்கள். பயணம் குழம்பித் திருப்பிக் கொடுத்தால் 150,000தான் கைக்கு வரும். 4,000 ரூபா காற்றோடு போய்விடும்.

தாளை எண்ணும்போதே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடியுங்கள். நம்மவர் கட்டின் மேல்தாளில் பேனையால் தொகை எழுதுவார்கள், ஸ்டேப்ளர் பின்னும் அடிப்பார்கள். அப்படிக் கீறலோ, ஓட்டையோ, கிழிசலோ உள்ள டொலரை அங்குள்ள கடைக்காரர் தள்ளிவிடுவார், அல்லது விலையைக் குறைப்பார். 2013க்குப் பின் வந்த, நடுவில் நீலப்பட்டி ஓடும் 100 டொலர் தாளாகக் கேளுங்கள். சில்லறை டொலருக்குப் பல கடைகளில் விலை குறைவு.

முதல் நாள் வாடகைக் காருக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் இந்திய ரூபா கையில் இருந்தால் வசதி. விமான நிலையம் வழியாகப் போகிறவர் 25,000 வரை கொண்டுபோகலாம். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. பலருக்கும் இது தெரியாது. டொலர் தாள் 5,000க்கு மேற்பட்டால் இந்தியச் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே மாற்றும்போது தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள், மிஞ்சியதைத் திருப்பி மாற்ற அதைக் கேட்பார்கள்.

வங்கி அட்டையும் ஒன்று இருக்கட்டும். வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடும்படி புறப்படமுன் வங்கிக்குச் சொல்லுங்கள். மருத்துவமனையில் இயந்திரம் ‘இலங்கை ரூபாவா, இந்திய ரூபாவா’ என்று கேட்டால் இந்திய ரூபாவையே தட்டுங்கள். இலங்கை ரூபாவைத் தட்டினால் விலையை அந்த இயந்திரக்காரர் தம் இஷ்டத்துக்குப் போடுவார்.

சுவிஸ் அண்ணாவும் லண்டன் மாமாவும் தந்த தாள்களை வங்கி வாங்கவில்லை. கள்ளக் காசா?
– வாசகர், மல்லாவி

கள்ளக் காசாக இருக்க வேண்டியதில்லை, பழங்காசாக இருக்கலாம். பிராங் தாளில் மனித முகம் இருந்தால் பழசு. அது 2021 ஏப்ரல் 30உடன் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. புதியதில் முகமே இல்லை, கைகள்தான். 100 பிராங்கில் இரண்டு உள்ளங்கைகள் தண்ணீர் ஏந்தியிருக்கும்.

பவுணில் காகித 20, 50 தாள்கள் 2022 செப்டெம்பர் 30க்குப் பின் கடையில் செல்லாது. புதியது பிளாஸ்டிக், கண்ணாடிபோல் ஒரு சாளரம் இருக்கும், சுருட்டிவிட்டால் தானாக நிமிரும்.

பெறுமதி இன்னும் போகவில்லை. சுவிஸ் தேசிய வங்கியும் இங்கிலாந்து வங்கியும் காலவரையின்றி மாற்றித் தரும். யார் தந்தாரோ அவரிடமே அடுத்த முறை கொடுத்தனுப்புங்கள். சில்லறைக் குற்றிகளையும் அப்படியே செய்யுங்கள், காசு மாற்றும் கடைகள் அவற்றை எடுப்பதில்லை.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த இந்திய 500 ரூபா தாள்கள் பெட்டிக்குள் கிடந்தன. உதவுமா?
– வாசகி, மாங்குளம்

2016 நவம்பர் 8இல் செல்லாதென்று அறிவித்த பழைய 500, 1000 என்றால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பின்னால் செங்கோட்டை படம் போட்ட சாம்பல் நிற 500 மட்டுமே செல்லும். பழைய 100 செல்லும், பெட்டியில் அதையும் தேடிப் பாருங்கள்.

உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள்மூலம் காசு அனுப்பும் முறை) போட்டுவிட்டு இந்தியாவில் எடுத்தால் விலை நல்லதாமே?
– வாசகர், முறிகண்டி

விலை நல்லதாக இருக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம். பற்றுச்சீட்டு இல்லாத காசு வராமல் போனால் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் நீங்கள் வாய் திறக்க முடியாது.