நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

கேள்வி: வயது 38. மார்ச்சில் 79 கிலோ இருந்தேன். தினமும் காலையில் 40 நிமிடம் நடை, ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி, நொறுக்குத்தீனி கிடையாது என்று இருந்து ஜூலை முடிவில் 72-க்கு வந்தேன். ஆவணியில் கொழுந்தனார் கல்யாணம். ஒரு வாரம் வீடு நிறைய ஆட்கள், பந்தி, பலகாரம். எல்லாம் முடிந்து மெஷினில் ஏறினால் 75! நாலு மாத உழைப்பு ஒரே வாரத்தில் போச்சே என்று அழுதேவிட்டேன். அதன்பிறகு மூன்று வாரமாக நடக்கப் போகவில்லை, வாயையும் கட்டவில்லை, எடை பார்க்கவே பயமாக இருக்கிறது. மாமியார் வேறு "இளைச்சு முகமே ஒட்டிப் போச்சு, இப்பதான் லட்சணமா இருக்கே" என்கிறார். எனக்கு மனஉறுதியே கிடையாதா மேடம்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: அழுததெல்லாம் சரி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு ஏறவேண்டும் என்றால் உடம்பு செலவழிப்பதற்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போகவேண்டும், அப்படியானால் மூன்று கிலோவுக்கு 23,000-க்கும் மேல். ஒரு துண்டு மைசூர்பாகுக்கு 200 கலோரி என்று தாராளமாகவே போட்டாலும், வழக்கமான மூன்று வேளைச் சாப்பாடு போக அந்த ஒரு வாரத்தில் நீங்கள் 115 துண்டு தின்றிருக்கவேண்டும். மாப்பிள்ளையின் அண்ணிக்குக் கல்யாண வீட்டில் உட்காரவே நேரம் இருந்திருக்காது, இதில் 115 மைசூர்பாகு எங்கே தின்பது?

ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை ஈரலும் தசையும் கிளைகோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கும், அதில் ஒவ்வொரு கிராமும் தன்னுடன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு மாதம் சோற்றைக் குறைத்ததில் அந்தச் சேமிப்பு இறங்கியிருந்தது, பந்திச் சாப்பாட்டில் மறுபடி நிரம்பிவிட்டது. அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பில் இருக்கும் உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரை நிறுத்திவைக்கும், மாதவிலக்கு நெருங்கும் நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மார்ச்சில் முதல் வாரமே மளமளவென்று எடை இறங்கியிருக்குமே, அதிலும் பெரும்பகுதி இதே தண்ணீர்தான். அதை மட்டும் யாரும் எனக்குப் புகார் எழுதுவதில்லை!

ஆக கல்யாண வாரத்தால் பெரிய கெடுதல் இல்லை, அதற்கப்புறம் வந்த மூன்று வாரம்தான் கெடுதல். 1975-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மில்க் ஷேக் குடிக்கவைத்து, பிறகு ஐஸ்கிரீமை நீட்டி, வேண்டிய அளவு சாப்பிட்டு ருசி எப்படி என்று சொல்லுங்கள் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், வயிறு நிறைந்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடிக்காமல் வந்த மற்ற டயட்காரிகளைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். கட்டுப்பாடுதான் உடைந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அந்த மாணவிகளுக்கும் மனஉறுதி இல்லாமல் இல்லை, உங்களுக்கும் இல்லாமல் இல்லை. நாலு மாதம் விடியற்காலையில் எழுந்து நடந்தது பின்னே யார்?

நானே அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் எல்லாவற்றையும் விட்டவள்தான். திரும்பத் தொடங்கும்போது பழைய ஒரு மணிநேர நடையை நினைத்தாலே மலைப்பாக இருந்தது, அதனால் மொட்டைமாடியில் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தேன். நீங்களும் நாளைக்கே 40 நிமிடம் நடக்கவேண்டாம், 15 போதும். ராத்திரி மட்டும் பழைய சப்பாத்திக்குத் திரும்புங்கள். செய்த தப்புக்குத் தண்டனை போலப் பட்டினி கிடக்கவே கூடாது, அடுத்த மைசூர்பாகு அந்தப் பட்டினியின் முடிவில்தான் காத்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மெஷினை பரணில் போட்டுவிட்டு, அப்புறம் காலையில் காபிக்கு முன்னால் ஏறிப் பாருங்கள். அடுத்து தீபாவளி வருகிறது. அந்த மாதம் எடை குறையவே வேண்டாம், ஏறாமல் இருந்தாலே வெற்றி என்று இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். பலகாரம் இருக்கட்டும், நடை மட்டும் நிற்கக்கூடாது.

மாமியாரோடு வாதாடவேண்டாம். இளைக்க நடக்கிறேன் என்றால் தடுப்பார், சர்க்கரை வராமல் இருக்க நடக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அவரே எழுப்பிவிட்டாலும் விடுவார்.

கேள்வி: 46 வயது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஆறு கிலோ குறைத்து 84-க்கு வந்தேன். ஏழு வாரமாக அங்கேயே நிற்கிறது. நடப்பதும் நிறுத்துவதும் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஒன்றில்லை. 90 கிலோ உடம்பைச் சுமந்து நடந்தபோது ஆன செலவு 84 கிலோவுக்கு ஆகாது, அதனால் அன்றைக்குக் குறைத்த அளவு இன்றைக்குப் போதவில்லை. இன்னொன்று, முதல் மாதம் ஸ்பூனில் அளந்து விட்ட எண்ணெய் நாலாவது மாதத்தில் கைப்பழக்கத்தில் விழும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நாலு நாள், டீயோடு கடிக்கும் முறுக்கு உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதியும் எடை இறங்கவில்லை என்றால்? அப்போதும் நடங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-ல் ஆய்வு வெளியிட்டார்கள். நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்கு செய்யச் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களுக்கு, அப்படிச் செய்யப்படாதவர்களைவிட சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லும்படி குறையவில்லை! மெஷின் முள் அசையாமல் நிற்கும்போதும் உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இடுப்பை அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அரைஞாண் கயிறு கட்டுபவராக இருந்தால் டேப்பே வேண்டாம், தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுவது எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே மாதத்தில் 10 கிலோ குறையும் என்று ஒரு பவுடரைத் தோழி சிபாரிசு செய்கிறாள். வாங்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பத்து கிலோ கொழுப்பு என்றால் 77,000 கலோரி, முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,500-க்கு மேல். உங்கள் உடம்பு ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு இருக்காது. பச்சைத்தண்ணீரோடு மாதம் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் இந்தக் கணக்கு உதைக்கும். பணம் இருந்தால் நடக்க நல்ல ஷூவாக வாங்குங்கள்.