யார்க்‌ஷயர் மூர் மலைகள் பூத்திருக்கும்போது காரில் சுற்ற எந்த வழி நல்லது?

ஆகஸ்டில் இங்கிலாந்தின் யார்க் நகரில் மூன்று நாள் தங்குவதாகவும், மலை முழுக்க ஊதாவாகப் பூத்திருக்கும் படங்களைப் பார்த்ததாகவும், வயதான பெற்றோர் கூட வருவதால் அதிகம் நடக்காமல் ஒரே நாளில் காரில் சுற்றிவர வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மிடில்ஸ்பரோவில் இருக்கிறேன். எட்டு வருடமாக ஆகஸ்ட் வந்தால் ஒரு நாளாவது இந்த மூருக்கு, அதாவது மரமில்லாத புதர் மலைக்கு, போகாமல் இருந்ததில்லை. என் அம்மாவையும் ஒருமுறை இதே வழியில் கூட்டிப் போயிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் தேதியைப் பார்த்துவிடுங்கள். முதல் வருடம் நான் ஜூன் மாதம் போய், கருகினாற்போல் கிடந்த பழுப்பு மலையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பினேன். மலையை ஊதாவாக்கும் குட்டைப் புதர்ச்செடிக்கு ஹெதர் என்று பெயர், ஆனால் அது ஒரே செடி இல்லை. பெல் ஹெதர் ஜூலையிலேயே பூத்துவிடும். அடர்ந்த மெஜந்தா நிறம், பூ ஒவ்வொன்றும் கழுத்துக் குறுகிய குட்டிக் குடம் போல இருக்கும். ஈரம் தேங்கும் இடங்களில் வெளிர் ரோஜா நிறத்தில் இன்னொரு வகை. ஆனால் மலையையே நிறம் மாற்றுவது லிங் என்ற மூன்றாவது வகைதான். அது ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நிற்கும். நீங்கள் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் வந்தால் சரியாக இருக்கும். மழை குறைந்த வருடத்திலும், ஹெதர் வண்டு தாக்கிய இடங்களிலும் திட்டுத்திட்டாகப் பழுப்பாகவே இருக்கும். குறிஞ்சி மாதிரி பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, ஆண்டுதோறும் பூக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

சரி, வழி. யார்க்கிலிருந்து பிக்கரிங் என்ற சிற்றூருக்கு முக்கால் மணி நேரம். அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு, போனில் வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. பிக்கரிங்கிலிருந்து வடக்கே ஏ169 சாலையில் ஏறி, கோத்லாண்ட் வழியாக எஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, எக்டன் பிரிட்ஜ், லீல்ஹோம், டான்பி என்று மேற்கே போய், காஸில்டனில் தெற்கே திரும்பி, பிளேக்கி ரிட்ஜ் என்ற மலைமுகட்டின் மேலேயே வந்து, ஹட்டன்-லீ-ஹோலில் இறங்கி மறுபடி பிக்கரிங். மொத்தம் சுமார் 50 மைல். நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்; நீங்கள் முழுநாளை ஒதுக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளேக்கி ரிட்ஜை மாலை வெயிலுக்கு வைத்துக்கொள்வதற்காகத்தான் இந்தத் திசையைச் சொல்கிறேன்.

ஏ169-ல் ஏறியதும் முதல் நிறுத்தம் ஹோல் ஆஃப் ஹார்கம். சாலையோரத்தில் கட்டணக் கார் நிறுத்தம் இருக்கிறது. சாலையைக் கடந்து இரண்டு எட்டு வைத்தால் காலடியில் ஒரு பெரிய பள்ளம், ஏறக்குறைய 120 மீட்டர் ஆழம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம். வேட் என்ற அரக்கன் பெண்டாட்டி மேல் கோபத்தில் கைநிறைய மண்ணை அள்ளி எறிந்ததால் வந்த குழி என்று ஊரில் கதை சொல்வார்கள். உண்மையில் மலைச்சரிவில் கசியும் ஊற்றுகள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடியிலிருந்து அரித்து அரித்து உண்டானது. பள்ளத்துக்குள் பச்சை, விளிம்புக்கு அந்தப்பக்கம் ஊதா. வண்டிகள் வேகமாக வரும் சாலை இது, பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

கோத்லாண்டில் நீராவி ரயில் நிற்கும், சினிமாவில் வந்த ஊர் என்பதால் கூட்டமும் இருக்கும். டீ குடிக்க மட்டும் நிறுத்தினால் போதும். அங்கிருந்து எக்டன் பிரிட்ஜுக்கு இறங்கும் பாதை குறுகலானது, செங்குத்தானது; முதல் கியரில் நிதானமாகப் போங்கள். லீல்ஹோமில் ஆற்றின் குறுக்கே படிக்கற்கள் போட்டிருப்பார்கள், கரையில் புல்வெளி, கட்டுச்சோறு பிரிக்க இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. டான்பியில் தேசியப் பூங்காவின் தகவல் மையம் இருக்கிறது. கழிவறைக்கு அங்கேயே போய்விடுங்கள்.

காஸில்டனைத் தாண்டியதும் சாலை ஏறும். வீடுகள் நின்றுபோகும், மரங்கள் நின்றுபோகும், அப்புறம் வேலியும் இல்லாமல் போகும். கண்ணுக்கெட்டிய வரை ஹெதர்தான். என் அம்மா வந்தபோது இந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இது பூவாடா, இல்ல மண்ணே இந்த நிறமா?” என்று கேட்டார். வண்டியை ஓரம் கட்டினேன். அம்மா இறங்கிப் பாதையோரச் செடிகளுக்கு நடுவே பத்தடி நடந்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். தூரத்திலிருந்து ஒரே ஊதாப் பூச்சாகத் தெரிந்தது கிட்டத்தில் ஆயிரக்கணக்கான அரிசிமணிப் பூக்கள்; ஒவ்வொன்றும் நான்கு இதழ், நடுவில் மகரந்தக் கம்பி. எழுந்தபோது சேலைக் கரையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள். மகரந்தம். நன்றாகப் பூத்திருக்கும் நாளில் நடந்தால் செருப்பிலும் அது படியும், காற்றில் தேன் வாசனை நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், நடக்க முடியாதவர்களாக இருந்தாலும் பத்தடியாவது இறக்கிக் கூட்டிப் போங்கள். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறம் மட்டும்தான் கிடைக்கும்.

தேன் என்றதும் இன்னொன்று. ஆகஸ்டில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றி மூருக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். லிங் தேன் ஜெல்லி போல இறுகிக்கொள்ளும், மற்றத் தேனைப் போலச் சுழற்றி எடுக்க வராது, அடையைப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். லேசான கசப்போடு இருக்கும். ஒரு பாட்டில் வாங்கிப் போங்கள்.

“இவ்வளவையும் யார் நட்டது?” என்று அம்மா கேட்டார். யாரும் நடவில்லை, ஆனால் ஆட்கள் விட்டுவிட்டுப் போனால் இது இப்படி நிற்காது. ஆதியில் இங்கே காடு இருந்தது. வெண்கலக் காலத்து மனிதர்கள் முதல் மரங்களை வெட்டி ஆடு மாடு மேய்த்து மேய்த்துத்தான் இது மூர் ஆனது. இப்போதும் ஆடு மேய்கிறது, குளிர்காலத்தில் பகுதி பகுதியாகச் செடியை எரிக்கிறார்கள். எரித்த இடத்தில் வரும் இளந்தளிரை ரெட் கிரவுஸ் என்ற பறவை தின்னும், எரிக்காத உயரமான புதரில் முட்டையிடும். மலைச்சரிவில் ஒட்டுப்போட்ட துணி போலக் கட்டங்கள் தெரிவது இதனால்தான். இதெல்லாம் நின்றால் பெரணியும் பிர்ச் மரமும் ஏறிவிடும். இந்தப் பறவையை வைத்திருப்பதே பெரும்பாலும் வேட்டைக்காகத்தான். வேட்டைக்காலம் ஆகஸ்ட் 12-ல் தொடங்குவதால் சில நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். ஆழமான பீட் மண் (பாதி மட்கிய செடிகளால் ஆன மண்) இருக்கும் இடங்களில் எரிக்கக் கூடாது என்ற பக்கம்தான் நான். அந்த மண் உருவாக ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. 2025 ஆகஸ்டில் கிழக்கே லாங்டேல் மூரில் பற்றிய தீ பல நாள் அணையவில்லை, நிலத்துக்கடியிலும் கனன்றது. புகை வானத்தில் நின்றதைப் பார்த்து மனசு கலங்கிப் போனேன். தயவுசெய்து அடுப்பு, பார்பிக்யூ எதுவும் கொண்டுபோக வேண்டாம். சிகரெட் துண்டும் கூடாது. பூவையும் பறிக்காதீர்கள்.

முகட்டில் யங் ரால்ஃப் சிலுவை நிற்கும். தேசியப் பூங்காவின் சின்னமே அந்தக் கல்தான். வசதியுள்ள வழிப்போக்கர்கள் அதன் உச்சியில் காசு வைத்துவிட்டுப் போவார்களாம், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ள. அங்கிருந்து ரோஸ்டேல் பக்கம் பிரியும் சாலையில் சிறிது தூரத்தில் ஃபேட் பெட்டி என்று வெள்ளையடித்த குட்டைக் கல் ஒன்று இருக்கிறது. அதன் மேல் யாராவது மிட்டாயோ பிஸ்கட்டோ வைத்திருப்பார்கள். நீங்கள் ஒன்று எடுத்துக்கொண்டு ஒன்று வைக்க வேண்டும். அம்மா ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து வைத்துவிட்டு, கல்லை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் லயன் இன், கடல்மட்டத்துக்கு 1,325 அடி மேலே, வேறு வீடே இல்லாத முகட்டில் தனியாக நிற்கும் பழைய விடுதி. 2010 குளிர்காலத்தில் பனி மூடி, உள்ளே இருந்தவர்கள் எட்டு நாள் வெளியே வர முடியவில்லை. சாப்பாடு கிடைக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே ரோஸ்டேல் இரும்புச் சுரங்கங்களுக்கு ஓடிய ரயிலின் பழைய தடம் இருக்கிறது. 1861 முதல் 1929 வரை ஓடியது; இப்போது தண்டவாளம் இல்லை. பாதை மேடுபள்ளமில்லாமல் சமமாக இருப்பதால் உங்கள் பெற்றோரும் அரை மணி நேரம் நடக்கலாம். இரண்டு பக்கமும் பூ. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள், உண்ணி இருக்கும்.

ஏழு மணிக்கு அங்கே இருந்தால் போதும். அந்த வாரத்தில் சூரியன் எட்டே கால் வாக்கில் மறையும். மேற்கே ஃபார்ன்டேல் பள்ளத்தாக்கிலிருந்து வெயில் சாய்ந்து வரும்போது பூக்களுக்குப் பின்னாலிருந்து ஒளி வந்து ஊதா செம்மையாக மாறும். புதருக்குள்ளிருந்து கிரவுஸ் “கோபேக், கோபேக்” என்று கத்திக்கொண்டு எழும்பும்.

முழுக்க இருட்டும் வரை நிற்காதீர்கள். வெயிலில் சூடேறிய தாரில் படுக்க ஆடுகள் சாலைக்கு வந்துவிடும், கருப்பு முகம் இருட்டில் தெரியாது. 30 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் ஹட்டன்-லீ-ஹோலுக்கு இறங்குங்கள். ஊர் நடுவில் ஓடை ஓடும் அழகான கிராமம், அங்கேயும் ஆடுகள் சாலையில் திரியும். அங்கிருந்து பிக்கரிங் இருபது நிமிடம்தான்.