கேள்வி – பதில்: போஸ்டரில் எதை வெட்டுவது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. ஆய்வை ஒரே தாளில் விளக்கி மாட்டுகிற போஸ்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இதுவரை செய்த வேலை முழுவதையும் ஏ0 தாளில் அடைக்கப் பார்க்கிறேன், இடம் பத்தவில்லை. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் தப்பா?

பதில்: தப்புதான். இடம் பத்தவில்லை என்றால் சரக்கு அதிகம், அவ்வளவுதான். ஏ0 என்பது 84.1 செ.மீ.க்கு 118.9 செ.மீ., அதாவது நீளத்திலும் அகலத்திலும் ஏ4 தாளைப் போல நான்கு மடங்கு. அதனால் மொத்த போஸ்டரையும் ஒரே ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிற நடுவருக்கு உங்கள் போஸ்டர் எப்படித் தெரியுமோ, ஏறக்குறைய அப்படித்தான் அந்தத் தாள் உங்களுக்குத் தெரியும். 24 பாயின்டில் அடித்த வரி அதில் 6 பாயின்டாகிவிடும், நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது படிப்பீர்கள். நடுவருக்கு அந்தத் தலையெழுத்து இல்லை, அடுத்த போஸ்டருக்குப் போய்விடுவார்.

வெட்ட வேண்டியதில் முதலாவது ஆய்வுச் சுருக்கம், விதிமுறையில் கேட்டிருந்தால் ஒழிய. போஸ்டரே ஒரு சுருக்கம்தானே, அதற்குள் இன்னொன்று எதற்கு? இதற்கு முன் யார் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு இரண்டு வரி போதும், செய்முறையைப் பத்தியாக எழுதாமல் ஒரு படமாகப் போடுங்கள். மீதி இடம் எல்லாம் ஒரே ஒரு முடிவுக்கு. இரண்டாவது முடிவும் பிரமாதமாக வந்திருக்கிறதே என்று மனசு கேட்காது. அதை அடுத்த போஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிலேயே அந்த முடிவைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. 'நெல்லின் வேர்க் கோணத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் குறித்த ஓர் ஆய்வு' என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். 'டிஆர்ஓ1 மரபணுவைச் சேர்த்தால் ஐஆர்64 நெல்லின் வேர் ஆழமாக இறங்கும், வறட்சியிலும் நல்ல விளைச்சல் தரும்' என்று போட்டால், வேறு துறைக்காரரும் "அப்படியா?" என்று ஒரு நிமிஷம் நிற்பார். (இது 2013ல் வெளிவந்த உண்மையான ஆய்வின் முடிவு, தலைப்பு மட்டும் நான் வைத்தது.)

கேள்வி: நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பெரிதாகப் போட்டு, ஓரத்தில் மற்றதை வைக்கிற வடிவம் எனக்குப் பிடித்திருக்கிறது. கைடு வேண்டாம் என்கிறார்.

பதில்: 2019ல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் ஒரு வீடியோ போட்டுப் பரப்பிய வடிவம் அது. நடந்து போகிறவருக்கும் விஷயம் எட்ட வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் மதிப்பெண் தாளை முதலில் பாருங்கள். செய்முறைக்கும் தரவுக்கும் தனித்தனியாக மார்க் இருந்தால், நடுவில் வெறும் வாக்கியம் மட்டும் நிற்கிற போஸ்டர் நஷ்டப்படும். வாக்கியத்தைத் தலைப்புக்கு ஏற்றிவிட்டு, நடுவில் உங்கள் முக்கியமான கிராஃபைப் பெரிதாக வையுங்கள், கைடும் சமாதானமாகிவிடுவார்.

கேள்வி: நடுவர் வந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன பேசுவது?

பதில்: போஸ்டரைப் படித்துக் காட்டாதீர்கள், அது அவருக்கே தெரியும். என்ன கேள்வியோடு கிளம்பினீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நேராக கிராஃபுக்குப் போங்கள். போனதும் "பார்த்தீர்களா, எப்படி ஏறுகிறது!" என்று ஆரம்பிக்க வேண்டாம், கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, ஒவ்வொரு புள்ளியும் எதைக் குறிக்கிறது என்று விரலால் காட்டுங்கள், அதற்குப் பிறகுதான் ஏற்றம் இறக்கம் எல்லாம். அந்தப் புள்ளிகளின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற பிழைக்கோடு திட்ட விலக்கமா (அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு துல்லியம் என்பது)? நன்றாக வேலை செய்கிறவர்களே தடுமாறுகிற இடம் இது. படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள், மாதிரிகளின் எண்ணிக்கையோடு. "இதில் உங்கள் பங்கு எது?" என்பதும் கேட்கப்படும், கூட்டாக நடந்த வேலை என்றால் கட்டாயம் கேட்கப்படும். பதிலை வீட்டிலேயே யோசித்து வையுங்கள்.

கேள்வி: சிவப்பு, பச்சையில் கோடு போட்டால் எடுப்பாக இருக்குமா?

பதில்: சிலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலமும் ஆரஞ்சும் போடுங்கள், ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாகவும் ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: இன்னும் கட்டுரையாக வெளியிடவில்லை. காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கும் எண்ணமும் இருக்கிறது. போஸ்டர்தானே, பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஏற்கெனவே வெளியாகிவிட்டது என்றால் அது புதிது இல்லை என்று காப்புரிமையை மறுத்துவிடலாம். ஒரு மாநாட்டில் இரண்டரை நாள் மாட்டி வைத்திருந்த போஸ்டரை, பிரதி எதுவும் கொடுக்காதபோதும், வெளியீடாகவே கருத வேண்டும் என்று 2004ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாட்டிலாவது வெளியிட்ட பிறகு ஓராண்டு அவகாசம் தருகிறார்கள், அந்த வழக்கில் காப்புரிமைக்கான விண்ணப்பம் அதையும் தாண்டிப் போனது. ஐரோப்பியக் காப்புரிமைக்குப் பொதுவாக அந்த அவகாசமும் கிடையாது. ஆகவே முதலில் கைடிடமும் பல்கலைக்கழகத்தில் காப்புரிமையைக் கவனிக்கிற அலுவலகத்திலும் பேசுங்கள், விண்ணப்பம் போன பிறகு போஸ்டரை மாட்டலாம். அதற்குள் போட்டித் தேதி வந்துவிடும் என்றால், அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு வேறொரு முடிவை வைத்துப் போஸ்டர் போடுங்கள்.